அழும் பாத்திரமும் பதில் எழுத வேண்டியவரும்

இணையத்தில் பலர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக, ஒரே கதையை எழுதும் பழக்கத்துக்கு ரோல்ப்ளே என்று பெயர். அதில் ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் வரும் ஸ்டார்ம்விண்ட் நகரத்து விடுதி ஒன்றின் மூலையில் ஒரு வில்லாளி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஊர் எரிந்து மூன்று நாளாகிறது. தங்கை தப்பி வந்தாளா என்று தெரியவில்லை. அவளை எழுதுபவர் நான்கு பத்திகள் எழுதி அனுப்புகிறார். நெஞ்சை அடைக்கும் பாரம், தங்கையின் சிரிப்பு, தலைமுடியிலிருந்து போக மறுக்கும் சாம்பல் வாடை, இனி யாருக்காக வாழ்வது என்ற எண்ணம் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசி வரியில் அவள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருக்கிறாள். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடுதிக்காரரின் பாத்திரத்தை ஏற்றிருக்கும் மற்றவர் இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவார்? நான்கு பத்திகளில் விடுதிக்காரரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீதி அனைத்தும் அவள் மனத்துக்குள் நடந்தவை. அவர் அருகில் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்து எழுத எதுவும் இராது. இரண்டு நாளில் அந்தத் த்ரெட், அதாவது அந்தப் பதிவுத் தொடர், ஓசையின்றி நின்றுபோகும்.

ரோல்ப்ளே என்னும் இந்தப் பழக்கத்தில், துக்கக் காட்சிகள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற எழுத்துவழி விளையாட்டு உலகத்திலிருந்து, இணைய மன்றங்கள், வலைநாட்குறிப்புகள் வழியாக, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் இன்றைய சர்வர்கள் வரை, இப்பழக்கத்தின் வடிவம் பலமுறை மாறியிருக்கிறது. மாறாமல் இருப்பது ஒரு விதி: ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தை மட்டுமே எழுதலாம். அடுத்தவருடைய பாத்திரம் என்ன செய்தது, என்ன உணர்ந்தது என்று தாமே முடிவுசெய்து எழுதுவது காட்மோடிங் எனப்படும். அது ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் குற்றம். நாவலாசிரியர் துக்கத்தில் இருக்கும் பாத்திரத்தையும் ஆறுதல் சொல்ல வருபவரையும் தாமே எழுதுகிறார். எவ்வளவு நேரம் மௌனம் நீடிக்க வேண்டும், எந்தச் சொல்லில் அது உடைய வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. ரோல்ப்ளேயில் பாதிக் காட்சி வேறொருவர் கையில் இருக்கிறது. அவருக்கு வேலை, தேர்வு, தூக்கம் எல்லாம் இருக்கின்றன. அவர் எழுதாவிட்டால் காட்சியே இல்லை.

ஆகவே இங்கே எழும் சிக்கல் நடைநயம் பற்றியதன்று. துக்கம் மனிதரை உள்ளே இழுத்து மூடுகிறது. கூட்டு எழுத்தோ வெளியே திறந்திருக்கும் ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டுதான் நகர முடியும். உண்மைக்கு நெருக்கமாக எழுத விரும்புபவர் பாத்திரத்தை ஊமையாக்குகிறார், உடன் எழுதுபவரும் சேர்ந்தே ஊமையாகிறார். காட்சியை நகர்த்த விரும்புபவர் பாத்திரத்தைக் கதறவிடுகிறார். ஒருமுறை கதறிய பிறகு அடுத்த பதிவில் அதைவிட உரக்கக் கதற வேண்டியிருக்கிறது. துக்கத்தின் கனத்தைக் குறைக்காமலே உடன் எழுதுபவர் பற்றிக்கொள்ள ஒரு பிடியை விட்டுவைப்பதுதான் இக்கலையின் நுட்பம் என்பது என் கருத்து.

இந்தப் பிடி எப்படிப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது எளிது, ஏனெனில் நம்முடைய துக்க வீடுகள் வருபவருக்கும் ஒரு வேலையை வைத்திருக்கின்றன. துக்கம் விசாரிக்க வருபவர் வாசலில் வணக்கம் சொல்வதில்லை, அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, தமக்கு முன்பே தெரிந்ததைத் தெரியாதவர்போல் கேட்கிறார்: எப்படி ஆயிற்று, கடைசியாக என்ன பேசினார், சாப்பிட்டாரா. இழப்புக்கு ஆளானவர் அன்றைக்கு இருபதாவது முறையாக அதையே சொல்கிறார். ஒப்பாரியில் இது இன்னும் வெளிப்படை. வந்தவள் இருப்பவளைக் கட்டிக்கொள்கிறாள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்கிறார்கள். போனவரின் பெருமையும், இருப்பவர்மீதான குறையும், சொத்துத் தகராறும்கூட அந்த மெட்டுக்குள் வந்துவிடுகின்றன. அங்கேயே கட்டி, அங்கேயே மாற்றி, அடுத்தவர் பிடித்துக்கொள்ளும்படி பாடப்படும் கூட்டு ஆக்கம் அது. வந்தவள் பல நேரம் தன் வீட்டில் என்றோ இறந்தவருக்காகவும் சேர்த்தே அழுகிறாள் என்பது ஊரறிந்த செய்தி. அதைப் பின்னர் பார்ப்போம்.

பாத்திரத்தின் மனத்தில் நடப்பதைவிட, பார்ப்பவருக்குப் புலப்படுவதை எழுத வேண்டும் என்ற அறிவுரைக்கும் நம் இலக்கணத்தில் பழைய பெயர் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுவது காண்பவர் உணரும்படி மெய்யின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. ரோல்ப்ளே எழுதுபவருக்கு இது அழகியல் கொள்கை மட்டுமன்று, நடைமுறைத் தேவையும்கூட. உடன் எழுதுபவர் உங்கள் பாத்திரத்தின் எண்ணங்களைப் படித்திருப்பார், ஆனால் அவருடைய பாத்திரம் படித்திருக்காது. படித்ததைப் பாத்திரமும் அறிந்ததுபோல் எழுதினால் அது மெட்டாகேமிங் என்று அதையும் குற்றமாக்கி வைத்திருக்கிறார்கள். எனவே எண்ணமாக எழுதப்பட்ட துக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சிக்குள் பயன்படாத பொருள்.

அந்த நூல் அழுகைக்குத் தரும் காரணங்கள் இன்னும் பயனுள்ளவை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு: பிறரால் எளியவராக நடத்தப்படுவது, உயிரையோ உடைமையையோ இழப்பது, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. ரோல்ப்ளேயில் துக்கம் என்றதும் பெரும்பாலோர் இழவை மட்டுமே எழுதுகிறார்கள். ஆனால் நம் வில்லாளியைப் பாருங்கள். தங்கையைப் பற்றிய செய்தி இல்லை என்பது இழவு. நேற்றுவரை காவற்படையில் பொறுப்பிலிருந்தவள் இன்று அகதிகள் வரிசையில் நிற்பது அசைவு. இரக்கப்பட்டு ஒருவர் கையில் திணிக்கும் ரொட்டி இளிவு. விடுதி வாடகைக்குக் காசில்லை என்பது வறுமை. இறந்தவரை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே இழவைப் பற்றி விடுதிக்காரரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. மற்ற மூன்றில் அவருக்கு வேலை இருக்கிறது. ரொட்டியை எப்படிக் கொடுப்பது, வாடகையைக் கேட்பதா விடுவதா, அவளை என்ன சொல்லி அழைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு பதிவுக்கு இடம் தருகின்றன. அவற்றின் வழியாகத்தான் இழவும் காட்சிக்குள் வருகிறது.

அதே காட்சியை மாற்றி எழுதினால் இப்படி இருக்கலாம். வில்லாளி விடுதிக்காரரிடம் வந்து இரண்டு கட்டில் உள்ள அறை வேண்டும் என்கிறாள். இரண்டு பேருக்கான காசை மேசைமேல் எண்ணி வைக்கிறாள். ஒரு காசு குறைகிறது. மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறாள். பதிவு அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, தங்கை என்ற சொல்லும் இல்லை. ஆனால் இன்னொருவர் எப்போது வருவார் என்று விடுதிக்காரர் கேட்டே ஆக வேண்டும். அவர் கேட்காமல் விட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

இடத்தின் அளவும் இதைத் தீர்மானிக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு செய்திக்கு 255 எழுத்துக்குறிகளே இடம். டிஸ்கார்டில் கட்டணமின்றி எழுதுபவருக்கு 2000. விளையாட்டுக்குள் நேரடியாக எழுதுபவர்கள் தேவை கருதியே செயல்களால் எழுதப் பழகிவிடுகிறார்கள்: கோப்பையைத் தள்ளிவைக்கிறாள், நாணைக் கழற்றி மறுபடி பூட்டுகிறாள். நீண்ட பதிவு எழுத இடமுள்ள இடங்களில்தான் உள்மனப் பத்திகள் பெருகுகின்றன. நீளமே ஆழம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது. உடன் எழுதுபவர் ஆறு பத்தி எழுதியிருக்க நாம் இரண்டு வரியில் பதில் சொல்வது மரியாதைக் குறைவு என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. துக்கத்தில் இருப்பவர் ஒரே சொல்லில் பதில் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லைச் சுற்றி ஐந்து பத்தி கட்ட வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

காலமும் இதேபோல் திரிகிறது. டிஸ்கார்டில் ஓர் இரவு நேரக் காட்சியை எழுதி முடிக்க ஆறு வாரம் ஆவது வழக்கமே. பாத்திரத்துக்கு அது இறப்புக்குப் பிந்தைய ஒரே இரவு. எழுதுபவர்களுக்கோ ஒன்றரை மாதமாக ஒரே அழுகை. பாத்திரம் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை, படிப்பவர்கள் அலுத்துவிட்டார்கள். உடனே குழு மூன்று மாதம் தாவிவிடலாம் என்று முடிவுசெய்கிறது. தாவிய மறுபக்கத்தில் பாத்திரம் முழுக்கத் தேறி நிற்கிறது. இடையில் நடந்திருக்க வேண்டிய அத்தனையும், அதாவது துக்கத்தின் பெரும்பகுதி, எழுதப்படாத மூன்று மாதத்துக்குள் காணாமற் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஐந்து நிலைகளைத் துணைக்கு அழைக்கிறார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் இவற்றை முன்வைத்தபோது அவர் பேசியது தம் மரணத்தை எதிர்கொண்டிருந்த நோயாளிகளைப் பற்றி. உறவை இழந்தவர்களுக்கு அதை விரித்தது பிற்பாடு நடந்தது. இழப்புக்கு ஆளானவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் செல்வதில்லை என்பதை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டிவிட்டனர். ஆயினும் எழுதுபவருக்கு இது பெரிய கவர்ச்சி. ஐந்து காட்சிக்கு ஐந்து தலைப்பு கிடைக்கிறது. விளைவு என்னவென்றால், விடுதிக்காரர் என்ன சொன்னாலும் வில்லாளி தன் அட்டவணைப்படி அடுத்த வாரம் கோபத்துக்கு நகர்ந்துவிடுவாள். உடன் எழுதுபவரின் சொல்லுக்கு எந்த விளைவும் இராது. கூட்டு எழுத்தில் இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் வெளியிட்ட இரட்டைப் போக்கு மாதிரி இந்த வேலைக்கு மிகவும் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கித் திரும்புவதும், வாழ்க்கையைச் சரிசெய்யும் அன்றாட வேலைகளை நோக்கித் திரும்புவதுமாக இரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறார். சில நேரம் இரண்டிலிருந்தும் ஓய்வெடுக்கிறார். காலையில் வங்கிப் படிவம் நிரப்பியவர் மதியம் இறந்தவரின் செருப்பைப் பார்த்து உடைந்துபோவதும், மாலையில் ஏதோ நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக வெட்கப்படுவதும் இந்த ஊசலாட்டம்தான். ரோல்ப்ளேயில் இதன் பயன், ஊசலை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் உடன் எழுதுபவருக்கும் பங்கு கிடைப்பது. விடுதிக்காரர் குதிரைக்குத் தீனி வைக்கச் சொன்னால் வில்லாளி எழுந்து போவாள். லாயத்தில் யாரோ தங்கையின் மெட்டைச் சீழ்க்கையடித்தால் நின்றுவிடுவாள். சிரிப்பையும் தாராளமாக அனுமதிக்க வேண்டும். சிரிப்பே வராத துக்கத்தைப் படிப்பவர் நம்பமாட்டார்.

இதுவரை எடுத்துக்கொண்ட வில்லாளி கற்பனையானாலும் அவளுடைய ஊர் எரிந்த கதை விளையாட்டுலகம் அறிந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வெளிவந்த நாளிலிருந்து நைட் எல்ஃப் இனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் டெல்ட்ராசில் என்ற மாபெரும் மரத்தின் மேல்தான் விளையாட்டைத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைநகரம் டார்னாசஸ் அங்கேதான் இருந்தது. 2018-இல், புதிய விரிவாக்கம் வெளிவருவதற்குச் சற்று முன்பு, எதிரணியின் தலைவி சில்வானஸ் அந்த மரத்தைக் கொளுத்தும்படி உத்தரவிட்டதாக விளையாட்டை உருவாக்கிய ப்ளிஸார்ட் நிறுவனம் கதையை நகர்த்தியது. எரியும் நகரத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில நிமிடங்களுக்குள் மீட்கும்படி விளையாடுபவரிடம் ஒரு பணி தரப்பட்டது. அது முடிக்க முடியாத பணியாகவே அமைக்கப்பட்டிருந்தது. சாதாரண ஆட்டக்காரருக்கு இது ஒரு கதைத் திருப்பம். ஆர்ஜென்ட் டான், மூன் கார்ட் போன்ற ரோல்ப்ளேக்கென்றே உள்ள சர்வர்களில் ஆண்டுக்கணக்காக நைட் எல்ஃப் பாத்திரங்களை எழுதிவந்தவர்களோ தாம் திட்டமிடாத ஒரு பேரிழப்பை ஒரே வாரத்தில் பாத்திரத்தின் வாழ்க்கைக்குள் ஏற்றாக வேண்டியிருந்தது.

ஒருவர் இறந்து மற்றவர்கள் ஆறுதல் சொல்லும் காட்சிக்குப் பழகிய கைகளுக்கு இது வேறு வகைச் சோதனை. எல்லோருமே இழவு கொண்டவர்கள் என்றால் விசாரிக்க வருவது யார்? அறையில் இருக்கும் ஆறு பாத்திரங்களும் தத்தம் இழப்பைச் சொல்லத் தொடங்கினால், ஒருவர் பெற்றோரை இழந்திருக்க அடுத்தவர் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்திருப்பார். துக்கம் ஏலத்துக்கு வந்துவிடும். மனிதர், குள்ளர் போன்ற பிற இனப் பாத்திரங்களை எழுதுபவர்கள் இத்தகைய வேளையில் விலைமதிப்பற்றவர்கள். என்ன நடந்தது என்று கேட்கும் உரிமையும், தவறாக ஏதாவது சொல்லிவிடும் வாய்ப்பும் அவர்களுக்கே உண்டு. தவறான ஆறுதல் மிகச் சிறந்த பிடி. நல்ல ஆறுதலுக்கு நன்றி சொல்லி முடித்துவிடலாம், தவறான ஆறுதலுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. விளையாட்டு எந்திரத்துக்குள் டெல்ட்ராசில் உண்மையில் அழியவில்லை. கடற்கரையில் நிற்கும் சிடோர்மி என்ற பாத்திரத்திடம் கேட்டால் பழைய காலத்துக்கு அனுப்புவாள். எரியாத டார்னாசஸில் நடந்துவிட்டு வரலாம். பாத்திரத்துக்கு ஊர் இல்லை, எழுதுபவருக்கு இருக்கிறது. கதையின்படி அங்கே போகக்கூடாதுதான். ஆனால் கனவுக் காட்சியையோ நினைவுக் காட்சியையோ அந்தத் தெருக்களிலேயே எழுத முடிகிற வசதியை வேறெந்த எழுத்து வடிவம் தரும்? நிறுவனம் அந்த இனத்துக்குப் பெலாமெத் என்ற புதிய குடியிருப்பைத் தந்தது 2024 ஜனவரியில். ஐந்தரை ஆண்டு துக்கத்தோடு எழுதப்பட்ட பாத்திரங்கள் புது ஊருக்குப் போகும் காட்சியை எழுத வேண்டியிருந்தது. பல குடும்பங்களில் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்தான் போனவரை நினைத்து அழுகை வருகிறது என்பதை அறிந்த எவருக்கும் அதன் சிக்கல் புரியும்.

ஒப்பாரியில் வந்தவளும் தன் இறந்தவருக்காக அழுகிறாள் என்றோம். பாத்திரத்தின் உணர்வு எழுதுபவருக்குள்ளும், எழுதுபவரின் உணர்வு பாத்திரத்துக்குள்ளும் கசிவதை ரோல்ப்ளே வட்டாரத்தில் ப்ளீட் என்கிறார்கள். துக்கத்தில் இது தவிர்க்க முடியாதது. தவிர்க்க வேண்டியதும் அன்று. தந்தையை இழந்த ஒருவர் தம் பாத்திரத்தின் தந்தையைச் சாகவைத்து, சொல்ல முடியாமற்போனதையெல்லாம் அங்கே சொல்லிப் பார்ப்பதுண்டு. அதில் பிழையில்லை. ஆனால் உடன் எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கற்பனை அப்பாவைப் பற்றிய காட்சி என்று நம்பி விடுதிக்காரர் சொல்லும் ஒரு கசப்பான நகைச்சுவை, உண்மையான ஒரு மகனின் நெஞ்சில் போய்க் குத்திவிடும். கதைக்கு வெளியே, ஓஓசி என்று அவர்கள் சொல்லும் பேச்சில், இரண்டு வரி போதும்: எனக்கு இது நெருக்கமான விஷயம், மருத்துவமனைக் காட்சி வேண்டாம். மேசைமேல் விளையாடும் ரோல்ப்ளேயிலிருந்து வந்த ஒரு வழக்கம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: கதைக்குள் வரவே கூடாதவை ஒருபுறம், நடந்தது என்று கொண்டு திரைபோட்டு அடுத்த காட்சிக்குப் போக வேண்டியவை மறுபுறம். துக்கக் காட்சிக்கு இரண்டாவது மிக உதவுகிறது. சிதையையோ சவக்குழியையோ எழுத முடியாதவரும் அங்கிருந்து திரும்பி வந்து வாசலில் கால் கழுவும் காட்சியை எழுதிவிடுகிறார். பெரும்பாலும் அதுவே நல்ல காட்சியாகவும் அமைகிறது.

ரோல்ப்ளேக்கே உரிய ஒரு மரணமும் இருக்கிறது. தங்கையின் பாத்திரத்தை எழுதிவந்தவர் ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். சண்டையில்லை, விடைபெறல் இல்லை. கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பாத்திரம் இறந்ததா, பயணம் போயிருக்கிறதா? அவரைக் கேட்காமல் கொன்றால் அது காட்மோடிங். கொல்லாவிட்டால் அக்காவின் பாத்திரம் முடிவில்லாமல் காத்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது 1970-களில் இத்தகைய நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இலங்கையில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரை அறிந்த தமிழ் வாசகருக்கு அது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. விளையாட்டை அதனருகில் வைத்துப் பேசவும் கை தயங்குகிறது. ஆனால் காணாமற்போனவரை எழுதத் துணிபவர் அந்தத் தாய்மாரிடமிருந்து ஒன்றைக் கவனிக்கலாம்: அவர்கள் உறைந்து உட்கார்ந்திருப்பதில்லை. மனு எழுதுகிறார்கள், படத்தைக் கையிலேந்தித் தெருவில் நிற்கிறார்கள், விசாரிக்கிறார்கள். காத்திருப்பு செயல்களால் ஆனது, செயலுக்குத்தான் உடன் எழுதுபவர் பதில் சொல்ல முடியும்.

நம் வில்லாளியும் காசை எண்ணி வைத்துவிட்டாள். விடுதிக்காரர் இரண்டு கட்டில் உள்ள அறையைக் கொடுத்துவிட்டார், குறைந்த காசைக் கேட்கவில்லை. நகரத்துக்குள் அகதிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தரையிலும் படுக்க இடமில்லை. மாடியில் ஒரு கட்டில் விரிப்புக் கலையாமல் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மாலை, விடுதிக்காரரை எழுதுபவர் கதைக்கு வெளியே வந்து கேட்கிறார்: கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலில் நிற்பதாக அடுத்த பதிவில் எழுதப்போகிறேன், அந்தக் கட்டிலைக் கேட்கலாமா?